கடைத்தெருச் சொற்கள்

ஒரு வீட்டிற்கு உணவருந்த வருபவரை விருந்தினர் என்கிறோம். உணவுக்கடைக்கு வருபவரை வாடிக்கையாளர் என்கிறோம். இருவரும் உண்பது ஒரே வகைச் சோறாக இருக்கலாம். ஒரே கை சமைத்ததாகவும் இருக்கலாம். ஆயினும், உப்புக் குறைந்தால் விருந்தினர் அதனைப் பொருட்படுத்தாது உண்டு எழுவார். வாடிக்கையாளரோ கல்லாவின் அருகில் நின்று காரணம் கேட்பார். அவர் கேட்பதில் தவறு இல்லை. அவர் விலை கொடுத்தவர் அன்றோ? இவ்வாறு, ஒருவரை நாம் எச்சொல்லால் அழைக்கிறோமோ, அச்சொல்லே அவருக்குரிய உரிமையையும் கடமையையும் வகுத்துவிடுகிறது. விருந்தினரை வாடிக்கையாளர் என்று அழைத்துப் பழகிய வீட்டில் நாளடைவில் சோற்றுக்கு விலை கேட்பார்கள். அல்லது, விலை கொடாமலே வந்தவர் அதிகாரம் செய்வார்.

இத்தகைய சொல்மயக்கம் ஒன்று கணிப்பொறித் துறையில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. கட்டற்ற மென்பொருள் என்றும், திறமூல மென்பொருள் என்றும் வழங்கப்பெறும் ஒரு வகை மென்பொருள்களைப் பற்றிப் பேசும்போது, கடைத்தெருவிற்குரிய சொற்கள் பல தாமாகவே நாவில் வந்து அமர்கின்றன. சந்தை, சரக்கு, விற்பனையாளர், நுகர்வோர், வழங்குநர் என்னும் சொற்கள் அத்தகையன. இச்சொற்கள் தம்மளவில் குற்றமுடையன அல்ல. வணிகம் இழிதொழிலும் அன்று. பொருந்தாத இடத்தில் இவற்றை ஆளும்போதுதான் தீங்கு விளைகிறது. அத்தீங்கு எத்தகையது, யாரைத் தாக்கியது என்பதை ஈண்டுக் காண்போம்.

கணிப்பொறி இயங்குவதற்கு வேண்டிய கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். மனிதர் படித்து உணரத்தக்க மொழியில் அதனை முதலில் எழுதுவர். அவ்வாறு எழுதிய வடிவம் மூலநிரல் எனப்படும். பின்னர் அதனைப் பொறிக்கு மட்டுமே விளங்கும் எண்வரிசையாக மாற்றுவர். மூலநிரலைச் சமையற்குறிப்புக்கும், எண்வரிசையைச் சமைத்து முடித்த பண்டத்துக்கும் ஒப்பிடலாம். பண்டத்தை மட்டும் பெற்றவர் அதனை உண்ணலாம், அவ்வளவே. குறிப்பையும் பெற்றவர் தம் வீட்டார் உடல்நிலைக்கு ஏற்பக் காரத்தைக் குறைக்கலாம். புளிக்குப் பதிலாக எலுமிச்சை சேர்க்கலாம். அண்டை வீட்டார்க்கும் எழுதிக் கொடுக்கலாம்.

ஏறத்தாழ 1980-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திற்கு ஸெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை அளித்தது. விரைவாக அச்சிடும் பொறி அது. எனினும் அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அவ்வாய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், முன்பிருந்த பழைய பொறியின் மென்பொருளைத் திருத்தி, பொறியில் இடையூறு நேர்ந்தால் அச்சுக்குக் காத்திருப்போரின் திரையில் உடனே செய்தி தோன்றுமாறு செய்திருந்தார். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விழைந்தார். ஆனால் மூலநிரல் கிடைக்கவில்லை. அது மற்றொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பதறிந்து நேரிற் சென்று கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்துள்ளேன் என்று அவர் மறுத்துவிட்டார். குறை என்ன என்று தெரியும். அதனை நீக்கும் வகையும் தெரியும். நீக்குவதற்கு மட்டும் உரிமை இல்லை. இந்நிலை ஸ்டால்மனின் உள்ளத்தை வருத்தியது.

1983-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், யாவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க ஒரு முழு இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். அத்திட்டத்திற்குக் 'குனு' என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தம் வேலையை விட்டு நீங்கி அப்பணியில் முழுதும் இறங்கினார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். எந்த நோக்கத்திற்கும் மென்பொருளை இயக்கலாம். அது இயங்கும் முறையைக் கற்று வேண்டியவாறு மாற்றலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். தாம் திருத்திய வடிவத்தையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளும் உடையதே கட்டற்ற மென்பொருள் என்பது அவ்வறக்கட்டளை வகுத்த இலக்கணம். இவ்விலக்கணத்தில் விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை ஊன்றி நோக்குக.

விலை எவ்வாறு உள்ளே புகுந்தது? ஆங்கிலத்தில் 'ஃபிரீ' என்னும் சொல்லுக்கு விலையற்றது என்றும், விடுதலை பெற்றது என்றும் இரு பொருள் உண்டு. ஸ்டால்மன் இரண்டாவது பொருளைக் கருதினார். கேட்டோர் முதற்பொருளைக் கொண்டனர். பேச்சுரிமையை நினையுங்கள், விலையின்றி ஊற்றிக் கொடுக்கும் பானத்தை நினையாதீர்கள் என்று அவர் பன்முறை விளக்க வேண்டியதாயிற்று. விளக்கம் சொல்லிய அவரே அம்மென்பொருளை விற்றவர் என்பது பலரும் அறியாத செய்தி. 1985-இல் அவருக்கு வேலை இல்லை. 'ஈமாக்ஸ்' என்னும் தம் மென்பொருளைக் காந்த நாடாவில் பதித்து, 150 டாலர் அனுப்புவோர்க்கு அஞ்சலில் அனுப்பி வந்தார். வாங்கியவர் அதனைப் பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், தாமும் விற்கலாம். வணிகம் நடந்தது, கட்டு இல்லை.

தமிழில் இவ்விடர்ப்பாடு எழ வேண்டியதே இல்லை. இலவசம் வேறு, கட்டின்மை வேறு. இரண்டையும் ஒரு சொல்லால் குறிக்கும் வறுமை நம் மொழிக்கு இல்லை. கட்டற்ற மென்பொருள் என்னும் தொடரும் நல்ல வழக்காக நிலைபெற்றுள்ளது. இருந்தும் இலவச மென்பொருள் என்று எழுதுவோர் உளர். ஆங்கிலத்தின் குறையைக் கடன்வாங்கித் தமிழில் நடுவது போன்றது அது. விலையின்றிக் கிடைப்பன யாவும் கட்டற்றன ஆகா. செல்பேசியில் காசு கொடாமல் இறக்கிக்கொள்ளும் செயலிகள் பல தம் மூலநிரலை எவர்க்கும் காட்டுவதில்லை.

இம்மயக்கத்தின் மறுபுறம் ஒன்று உண்டு. கட்டற்ற மென்பொருளுக்கு எதிரானதை வணிக மென்பொருள் என்று குறிக்கும் வழக்கமே அது. கட்டற்றது என்றால் வணிகத்திற்கு ஆகாதது என்ற எண்ணத்தை இச்சொல் விதைக்கிறது. வரலாறோ வேறு கூறுகிறது. 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை எழுதி வெளியிட்டார். அதற்கு அவர் முதலில் இட்ட உரிமம் பணம் பெற்று வழங்குவதைத் தடுத்தது. தூய நோக்கமே, ஆயினும், வட்டில் படியெடுத்து ஊர்தோறும் கொடுக்க முன்வந்தவர்கள், வட்டின் விலையையும் உழைப்பின் கூலியையும்கூடப் பெற இயலாது திகைத்தனர். 1992-இல் டோர்வால்ட்ஸ் அவ்வுரிமத்தைக் கைவிட்டு, குனு திட்டத்தின் பொது உரிமத்தை ஏற்றார். அது எவ்வளவு விலையும் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. பெற்றவருடைய நான்கு உரிமைகளைப் பறிக்க மட்டும் இடம் தருவதில்லை. லினக்ஸின் பரவலுக்கு இம்மாற்றம் பெரிதும் துணைசெய்தது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு தொழில் நடத்திய ரெட்ஹாட் நிறுவனத்தை 2019-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ஏறத்தாழ 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இத்துணைப் பெரிய வணிகம் நடந்த பின்னும், கட்டற்றதற்கு எதிர்ச்சொல் வணிகம் என்பது எவ்வாறு பொருந்தும்? எதிரான வகையைத் தனியுடைமை மென்பொருள் என்பதே முறை.

திறமூலம் என்ற பெயர் பிறந்ததும் இக்குழப்பத்தினாலேயே. 1998-ஆம் ஆண்டு சனவரியில், நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் சிலர் கூடி, நிறுவனங்கள் அஞ்சாத ஒரு பெயரை நாடினர். கிறிஸ்டீன் பீட்டர்சன் என்னும் அம்மையார் எண்ணிவைத்திருந்த 'திறந்த மூலம்' என்னும் பெயர் ஏற்கப்பட்டது. பெயர் வென்றது, நிறுவனங்கள் வந்தன. உரிமை என்னும் எண்ணம் பின்தள்ளப்பட்டுப் பயன் என்னும் எண்ணம் முன்வந்துவிட்டது என்று ஸ்டால்மன் குறைகூறினார். இரு சாராரும் குறிப்பது பெரும்பாலும் ஒரே மென்பொருள்களையே. எனினும், ஒருவர் அயலார்க்குரிய உரிமையைப் பேச, மற்றவர் மென்பொருளின் தரத்தையும் செலவையும் பேசுகின்றனர். கடைத்தெருச் சொற்கள் தாராளமாக உள்ளே வந்ததற்கு இப்பெயர்மாற்றம் வழியைச் சற்று அகலமாக்கிற்று என்றே கருதத் தோன்றுகிறது.

நுகர்வோர் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நுகர்தல் என்பது உண்டலும் துய்த்தலும் ஆகும். நுகரப்பட்ட பண்டம் குறையும்; ஒருவர் உண்ட பழத்தை மற்றொருவர் உண்ண முடியாது. மென்பொருளோ ஆயிரம் பேர் எடுத்துக்கொண்டாலும் எள்ளளவும் குறைவதில்லை. நுகர்வோர்க்குக் கடையில் உள்ள தெரிவு இரண்டே: வாங்குவது, அல்லது வாங்காமல் போவது. கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கோ மூன்றாவது வழி ஒன்று உண்டு. உள்ளே புகுந்து தாமே திருத்தலாம், அல்லது திருத்த வல்லாரை அமர்த்திக்கொள்ளலாம். அவரை நுகர்வோர் என்று அழைத்தால், அம்மூன்றாவது வழி இருப்பதே அவருக்குத் தெரியாமற் போகிறது. கையில் திறவுகோல் இருக்க, வாயிலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மை ஆகாது. கடைத்தெரு மென்பொருளின் பெயரிலேயே குடியிருக்கிறது. ஆங்கிலத்தில் 'சாப்ட்வேர்' என்னும் சொல்லின் பிற்பகுதியாகிய 'வேர்' என்பது பழங்காலத்தில் விற்பனைச் சரக்கைக் குறித்தது. 'ஹார்ட்வேர்' என்பது ஆணி, பூட்டு, தாழ்ப்பாள் முதலிய இரும்புச் சரக்குகளின் பெயர். அதனை அடியொற்றியே மென்சரக்கு என்னும் பொருளில் இப்பெயர் எழுந்தது. கணிப்பொறிக் கட்டளைகளைக் குறிக்க 1958-ஆம் ஆண்டில் ஜான் டூக்கி என்னும் கணித அறிஞர் இதனை அச்சில் ஆண்டார். தமிழர் இதனைப் பெயர்த்தபோது சரக்கு என்று சொல்லாமல் பொருள் என்றனர். பொருள் என்பது பண்டத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும், சொல்லின் உட்கருத்தையும் குறிக்கும். எண்ணிப் பார்த்துச் செய்தனரோ, தற்செயலாக அமைந்ததோ, இப்பெயர் மூலத்தைக் காட்டிலும் மேலானது.

இனி, எல்லாவற்றினும் மிகுந்த துன்பம் விளைத்த சொல்லுக்கு வருவோம். வழங்குநர் என்பதே அச்சொல். ஓர் ஊர்தித் தொழிற்சாலை சக்கரத்தை ஒருவரிடமும் கண்ணாடியை மற்றொருவரிடமும் விலைகொடுத்து வாங்குகிறது. சக்கரம் பழுதாயின் அதனை விற்றவர் பொறுப்பு. இவ்வாறு ஒருவர்பின் ஒருவராகத் தொடர்வதை வழங்கல் சங்கிலி என்பர். இத்தொடரை அப்படியே மென்பொருளுக்கும் கொண்டுவந்துவிட்டனர். பெரிய நிறுவனம் ஒன்றின் மென்பொருளுக்குள், எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதி யாவர்க்கும் திறந்துவிட்ட பகுதிகள் பல அடங்கியிருக்கும். அவரோடு அந்நிறுவனம் ஒப்பந்தம் செய்ததில்லை. ஒரு காசு கொடுத்ததில்லை. அவர் பெயரும் அறிந்ததில்லை. அவருடைய உரிமத்திலோ, இம்மென்பொருளுக்கு எவ்வகை உத்தரவாதமும் இல்லை என்று எழுதியிருக்கும். ஆயினும் சங்கிலியில் அவரும் ஒரு கண்ணி. ஆகவே அவரும் வழங்குநர் என்று ஆகிவிடுகிறார்.

2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் மென்பொருளில் ஒரு பெரும் பிழை வெளிப்பட்டது. இணையத்திற் செல்லும் செய்திகளைப் பிறர் படிக்காதவாறு மறைத்துக் காக்கும் மென்பொருள் அது. வங்கிகளும் அரசுகளும் பெருநிறுவனங்களும் அதனை நம்பியிருந்தன. 'ஹார்ட்பிளீட்' என்று பெயர்பெற்ற அப்பிழையால், காக்கப்பட வேண்டிய கடவுச்சொற்களும் வெளியே கசியக் கூடியதாயிற்று. பின்னர் விசாரித்தபோதுதான், அம்மென்பொருளைப் பேணியவர் ஒருசிலரே என்பதும், முழுநேரமும் அதற்கு உழைத்தவர் ஒருவரே என்பதும், அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலரே என்பதும் உலகிற்குத் தெரிந்தன. சந்தையில் வாங்கிய சரக்கு என்று எண்ணியதனால்தான், அதனைச் செய்தவர் உண்டாரா, உறங்கினாரா என்று எவரும் கேட்கவில்லை.

2021-ஆம் ஆண்டு டிசம்பரில் 'லாக்போர்ஜே' என்னும் வேறொரு மென்பொருளில் பிழை தோன்றியது. அடுத்த மாதம், சுவீடன் நாட்டில் வாழும் டேனியல் ஸ்டென்பர்க் என்பவருக்குப் பெருநிறுவனம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தரவைக் கொண்டுசெல்லும் 'கர்ல்' என்னும் கட்டற்ற கருவியை ஆக்கியவர் அவர். லாக்போர்ஜேவுக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. தாங்கள் ஆக்கிய பொருளை எங்கள் நிறுவனம் பயன்படுத்துகிறது. அப்பிழை அதனைத் தாக்கியதா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பவற்றை 24 மணி நேரத்திற்குள் எழுதியனுப்புக என்பது அம்மடலின் சாரம். வழங்குநர்க்கென்று அச்சிட்டு வைத்த வினாத்தாள் அது என்பது வெளிப்படை. ஸ்டென்பர்க் சினந்து எழுதவில்லை. உதவி ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டவுடன் மகிழ்ந்து விடையளிப்பேன் என்று மறுமொழி அனுப்பினார். வழங்குநர் என்ற சொல்லுக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டு அச்சொல்லை ஆள்க என்பதே அவ்விடையின் கருத்து.

மூன்றாவது நிகழ்ச்சி கொடியது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்-இசட்' என்னும் சிறு கருவியை ஒருவரே பல ஆண்டுகள் தனியாகப் பேணிவந்தார். 2022-ஆம் ஆண்டில் அவருக்குத் தொடர்ந்து முறையீடுகள் வந்தன. பணி மிக மெதுவாக நடக்கிறது, பயன்படுத்துவோர் காத்திருக்கின்றனர், இயலாவிடில் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்று அவை வற்புறுத்தின. கடைக்காரரிடம் பேசும் குரலே அவற்றில் ஒலித்தது. தம் மனநலம் குன்றியிருப்பதையும், இஃது ஊதியமில்லாது விருப்பத்தினால் செய்யும் பணி என்பதையும் அவர் பணிவோடு எடுத்துரைத்தார். இறுதியில், உதவிக்கு வந்த ஒருவருக்கு அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவ்வாறு வந்தவர் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கருவிக்குள் ஒரு கள்ளவழியை மறைத்து வைத்தார். அது பரவியிருந்தால், உலகெங்கும் எண்ணற்ற கணிப்பொறிகளுக்குள் அயலார் புக வழி ஏற்பட்டிருக்கும். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், தம் கணிப்பொறியில் உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்தார், கள்ளவழி வெளிப்பட்டது. முன்னர் வந்த முறையீடுகளும் அச்சூழ்ச்சியின் பகுதியாகப் போலிப் பெயர்களில் எழுதப்பட்டவை என்றே ஆராய்ந்தோர் பலர் கருதுகின்றனர். நுகர்வோரின் குரலில் பேசினால் தன்னார்வலர் ஒருவரை எளிதில் பணியவைக்கலாம் என்று சூழ்ச்சிக்காரர் கணக்கிட்டனர் போலும். அக்குரல் அவருக்குப் பழகிய குரலாக இருந்ததே அவர்களுக்கு வாய்ப்பாயிற்று.

சொற்களின் வலிமை சட்டத்திலும் தெரிந்தது. இலக்கவியல் பொருள்களின் பாதுகாப்புக் குறித்து ஐரோப்பிய ஆணையம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. பாதுகாப்பற்ற பொருளைச் சந்தையில் இறக்குவோர் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் கருத்து. நோக்கம் நன்றே. வணிக நடவடிக்கை அல்லாது உருவாகும் கட்டற்ற மென்பொருளுக்கு விலக்கும் அளிக்கப்பட்டிருந்தது. ஆனால் வணிக நடவடிக்கை என்பது எது? நன்கொடை பெற்றால் வணிகமா? ஐயம் தீர்க்கக் கட்டணம் வாங்கினால் வணிகமா? நிறுவன ஊழியர் ஒருவர் பத்து வரி எழுதிக் கொடுத்தால் வணிகமா? இவ்விரண்டு சொற்களுக்குக் கொள்ளும் பொருளைப் பொறுத்து, தன்னார்வலர் பலர் உற்பத்தியாளர் என்னும் பெயரோடு தண்டத்திற்கு உள்ளாகக் கூடும். கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் பல 2023-இல் இதனை எடுத்துக்காட்டி முறையிட்டன.

2024-ஆம் ஆண்டின் இறுதியில் அச்சட்டம் நிறைவான வடிவில் நடப்புக்கு வந்தது. அதன் முதன்மையான கடமைகளை 2027 டிசம்பர் முதல் செயற்படுத்துவதென விதித்தது. அதில் முன்பில்லாத ஒரு சொல் இடம்பெற்றிருக்கிறது. விற்பனையாளரும் அல்லாத, உற்பத்தியாளரும் அல்லாத, கட்டற்ற மென்பொருளைத் தொடர்ந்து காத்துவரும் அமைப்புகளைக் குறிக்கும் சொல் அது. தமிழில் பேணுநர் எனலாம். பெரிய பண்ணையின் நிலபுலங்களை உரிமையாளர்க்காகக் கவனித்துக் காப்பவரை ஆங்கிலத்தில் குறிக்கும் பழஞ்சொல்லையே இதற்கு எடுத்துக்கொண்டனர். பேணுநர்க்கு உரிய கடமைகள் இலேசானவை, தண்டமும் இல்லை. பிறர் மென்பொருளுக்குத் தம் நிரலை உதவியாக எழுதிக் கொடுக்கும் தனியாட்களைச் சட்டம் தொடுவதில்லை. பொறுப்பு முழுவதும், அதனை எடுத்துத் தம் பொருளில் சேர்த்துச் சந்தையில் விற்பவர்மேல் வைக்கப்பட்டுள்ளது. தாம் சேர்த்துக்கொண்ட பகுதி நம்பத்தக்கதா என்று அவரே ஆராய வேண்டும். அதில் குறை கண்டால் அதனைப் பேணிவருவோர்க்குத் தெரிவிக்க வேண்டும்; அக்குறையை நீக்கத் தாம் திருத்தம் எழுதியிருந்தால், அத்திருத்தத்தையும் அவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.